218 புள்ளி எடுத்தவர் தோற்றது எப்படி? ஆண்கள் டென்னிஸ் சாதனை எண்களைப் படிக்கும் முறை

2019 ஜூலை 14. விம்பிள்டன் ஆண்கள் ஒற்றையர் இறுதிப் போட்டி முடிந்ததும் வெளியான புள்ளிவிவரத் தாளில் பெயர்களை மட்டும் மறைத்துவிட்டு, யார் வென்றிருப்பார் என்று கேட்டால், பெரும்பாலானோர் தவறாகத்தான் சொல்வார்கள். ஒருவர் எடுத்தது 218 புள்ளி, மற்றவர் 204. ஏஸ் 25க்கு 10. எதிராளியின் சர்வீஸை ஒருவர் 7 முறை முறித்திருக்கிறார், அதாவது எதிராளி சர்வீஸ் போட்ட கேமை வென்றிருக்கிறார், மற்றவர் 3 முறைதான். கேம்களைக் கூட்டிப் பார்த்தாலும் 36க்கு 32. எல்லா வரியிலும் முன்னால் இருப்பவர் ரோஜர் ஃபெடரர். கோப்பை போனது நோவாக் ஜோகோவிச்சுக்கு: 7–6, 1–6, 7–6, 4–6, 13–12.

அதே நாளில், அதே லண்டனில், லார்ட்ஸ் மைதானத்தில் கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதியும் நடந்தது. ஓட்டமும் சமம், சூப்பர் ஓவரும் சமம் என்றான பிறகு பவுண்டரிகளை எண்ணிக் கோப்பையை இங்கிலாந்துக்குக் கொடுத்தார்கள். எதை எண்ணுவது என்ற விதிதான் வெற்றியைத் தீர்மானிக்கிறது என்பதை ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் காட்டின. டென்னிஸ் சாதனைகளைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். எந்த எண்ணைப் பார்த்தாலும் எதை எண்ணினார்கள், எப்போதிலிருந்து எண்ணினார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்று கேட்க வேண்டும்.

புள்ளி எப்படி வெற்றியாகிறது

டென்னிஸில் புள்ளிகளை மொத்தமாகக் கூட்டுவதில்லை. குறைந்தது நான்கு புள்ளி எடுத்து, எதிராளியைவிட இரண்டு கூடுதலாக இருந்தால் ஒரு கேம். ஆறு கேம் சேர்ந்தால் ஒரு செட், அங்கேயும் இரண்டு வித்தியாசம் வேண்டும்; 6–6 ஆனால் டை-பிரேக், அதாவது இரண்டு வித்தியாசத்தோடு முதலில் ஏழு புள்ளி எடுப்பவருக்கு அந்த செட். கிராண்ட் ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளில் (ஆஸ்திரேலிய, பிரெஞ்சு, அமெரிக்க ஓபன்கள், விம்பிள்டன்) மூன்று செட் எடுத்தவர் வெற்றியாளர். ஒரு செட் முடிந்ததும் அதில் எடுத்த புள்ளிகளும் கேம்களும் அங்கேயே கழிந்துவிடும், அடுத்த செட்டுக்கு எதுவும் வராது. அந்த இறுதிப் போட்டியின் இரண்டாம் செட்டை ஃபெடரர் 6–1 என்று சுருட்டினார். அதற்கும் கிடைத்தது ஒரு செட்தான். முதல் செட்டை டை-பிரேக்கில் 7–5 என்று மயிரிழையில் எடுத்த ஜோகோவிச்சுக்கும் ஒரு செட்தான்.

அன்று நடந்த மூன்று டை-பிரேக்குகளையும் தனியாகப் பிரித்துப் பாருங்கள்: 7–5, 7–4, 7–3. மூன்றும் ஜோகோவிச்சுக்கு, மொத்தம் 21–12. மீதி ஆட்டம் முழுவதையும் சேர்த்தால் ஃபெடரர் 206, ஜோகோவிச் 183. நாலே முக்கால் மணி நேரத்தையும் தாண்டி ஓடிய ஆட்டத்தில் 33 புள்ளிகள் மற்ற 389 புள்ளிகளை விழுங்கிவிட்டன. ஐந்தாம் செட்டில் 8–7, 40–15 என்று ஃபெடரர் சர்வீஸ் போட்டுக்கொண்டிருந்தார். அதாவது கோப்பைக்கு ஒரு புள்ளி பாக்கி, அதுவும் இரண்டு முறை. முதலாவதில் அவருடைய ஃபோர்ஹேண்ட் வெளியே போனது. இரண்டாவதில் வலைக்கு வந்தவரைத் தாண்டி ஜோகோவிச் குறுக்காக அடித்துவிட்டார். புள்ளிவிவரத் தாளில் இவையும் மற்றவற்றைப் போலத் தலா ஒரு புள்ளிதான்.

இதைவிட நீண்ட உதாரணம் 2010 விம்பிள்டன் முதல் சுற்று. ஜான் இஸ்னரும் நிக்கோலா மாஹுவும் 18ஆம் எண் களத்தில் ஜூன் 22 தொடங்கி 24 வரை மூன்று நாள் ஆடினார்கள். மொத்த நேரம் 11 மணி 5 நிமிடம், 183 கேம், கடைசி செட் மட்டும் 70–68. மின்னணு ஸ்கோர் பலகையே 47–47இல் நின்றுபோனது. அதற்கு மேல் எண்ண அதற்கு நிரல் எழுதப்பட்டிருக்கவில்லை. அந்த ஆட்டத்தின் 980 புள்ளிகளில் 502ஐ எடுத்தவர் மாஹு. 478 எடுத்த இஸ்னர் அடுத்த சுற்றுக்குப் போனார்.

இவை விதிவிலக்குகள். வழக்கமாக நடப்பது இதற்கு நேர்மாறு: புள்ளி அளவில் இருக்கும் சிறு முன்னிலையை இந்த அடுக்கு முறை பெரிதாக்கிக் காட்டும். கணக்குப் போட்டே பார்க்கலாம். சர்வீஸ் போடுபவர் ஒவ்வொரு புள்ளியையும் வெல்லும் வாய்ப்பு 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு புள்ளியையும் நேராக எடுக்கும் வாய்ப்பு, 0.6ஐ நான்கு முறை பெருக்கினால், சுமார் 13 சதவீதம். எதிராளிக்கு ஒரு புள்ளி விட்டுக்கொடுத்து வெல்ல 20.7 சதவீதம், இரண்டு புள்ளி விட்டுக்கொடுத்து வெல்லவும் அதே 20.7. 27.6 சதவீத கேம்கள் டியூஸுக்கு, அதாவது இருவரும் மூன்று புள்ளியில் சமமாக நிற்கும் நிலைக்குப் போகும், அங்கிருந்து வெல்லும் வாய்ப்பு 69 சதவீதம், ஆக இன்னொரு 19 சதவீதம். எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 74 சதவீதம். புள்ளியில் 60 இருந்தது கேமில் 74 ஆகிவிட்டது. புள்ளியில் 66 என்றால் கேமில் 85, 70 என்றால் 90. கேமிலிருந்து செட்டுக்கும் செட்டிலிருந்து ஆட்டத்துக்கும் போகும்போது இந்த இடைவெளி இன்னும் விரியும்.

ஃபெடரரின் வாழ்நாள் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆடிய 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் 1,251ஐ வென்றார், 82 சதவீதம். ஆனால் ஆடிய புள்ளிகளில் அவர் வென்றது 54 சதவீதம்தான். புள்ளியில் 50க்கும் 54க்கும் உள்ள தூரம்தான் ஒரு சாதாரண வீரரையும் ஃபெடரரையும் பிரிக்கிறது. புதிதாக டென்னிஸ் பார்ப்பவர்கள் முதலில் மனதில் பதிய வைக்க வேண்டிய எண் இது.

ஒரு ஆட்டத்தின் தாள்

தொலைக்காட்சியில் செட் முடிந்ததும் வரும் பட்டியலில் முதலில் கண்ணில் படுவது ஏஸ். சர்வீஸ் சரியான கட்டத்தில் விழுந்து, எதிராளியின் மட்டையில் படாமலேயே போனால்தான் ஏஸ். மட்டை நுனியில் பட்டுத் தெறித்தால் புள்ளி கிடைக்கும், ஏஸ் கணக்கில் சேராது. ஆகவே ஏஸை மட்டும் வைத்து ஒருவருடைய சர்வீஸை அளக்க முடியாது. எட்டிப் பிடிக்கும் எதிராளி அமைந்தால் அதே சர்வீஸுக்கே ஏஸ் குறையும்.

சர்வீஸை அளக்க மூன்று எண்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்: முதல் சர்வீஸ் எத்தனை சதவீதம் உள்ளே விழுந்தது, அப்படி விழுந்தபோது எத்தனை சதவீதப் புள்ளி கிடைத்தது, இரண்டாம் சர்வீஸில் எத்தனை கிடைத்தது. ஒருவர் 100 புள்ளிக்கு சர்வீஸ் போடுகிறார் என்று வைப்போம். 60 முறை முதல் சர்வீஸ் உள்ளே விழுகிறது, அதில் 75 சதவீதம், அதாவது 45 புள்ளி வெல்கிறார். மீதி 40க்கு இரண்டாம் சர்வீஸ், அதில் பாதி, 20 புள்ளி. மொத்தம் 65. இப்போது பயிற்சியாளர் "முதல் சர்வீஸை இன்னும் அதிகமாக உள்ளே போடு" என்கிறார். வேகத்தைக் குறைத்து 70 முறை உள்ளே போடுகிறார், ஆனால் வெல்லும் விகிதம் 68க்கு இறங்கிவிடுகிறது. 70இல் 68 சதவீதம் என்றால் 47.6. மீதி 30இல் பாதி 15. மொத்தம் 62.6. முதல் சர்வீஸ் சதவீதம் பத்து ஏறியிருக்கிறது, ஆள் முன்பைவிட மோசமாக ஆடியிருக்கிறார். சர்வீஸில் வென்ற மொத்தப் புள்ளி என்ற ஒரே வரியைத் தேடிப் பார்த்தால் இந்தக் குழப்பம் வராது. டபுள் ஃபால்ட் (இரண்டு சர்வீஸும் தவறிப் புள்ளியை இழப்பது) இரண்டாம் சர்வீஸ் கணக்கிலேயே தோல்வியாகச் சேர்ந்துவிடும், அதைத் தனியாக இன்னொரு முறை கழிக்கக் கூடாது.

பிரேக் பாயிண்ட், அதாவது எதிராளியின் சர்வீஸை முறிக்க ஒரு புள்ளியே பாக்கியுள்ள வாய்ப்பு; அந்த வரியில் சதவீதத்தைப் பார்க்காமல் பின்னத்தைப் பாருங்கள். ஒரே ஒரு வாய்ப்பு வந்து அதையும் எடுத்தவருக்கு 100 சதவீதம் என்று காட்டும். பன்னிரண்டு வாய்ப்பு உருவாக்கி நான்கை எடுத்தவருக்கு 33 சதவீதம். எதிராளியின் சர்வீஸை நான்கு முறை முறித்தவர்தான் நன்றாக ஆடியிருக்கிறார்.

பட்டியலிலேயே மிகவும் தளர்வான எண் தானாகச் செய்த தவறுகள். பந்து வலையில் விழுந்ததா வெளியே போனதா என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தவறை எதிராளி வரவழைத்தாரா, ஆடியவரே செய்தாரா என்பதைக் களத்தோரம் உட்கார்ந்து பதிவு செய்பவர்தான் தீர்மானிக்கிறார். இருவர் பதிவு செய்தால் இரண்டு எண் வரும். ஒரே ஆட்டத்தில் இரண்டு வீரர்களை ஒப்பிட இது உதவும். ஒரு போட்டித் தொடரின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட்டு, இவர் இந்த ஆண்டு தவறைக் குறைத்துவிட்டார் என்று முடிவுக்கு வருவது சரியல்ல.

சர்வீஸ் வேகத்துக்கும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. 2012இல் பூசானில் நடந்த சேலஞ்சர் என்ற இரண்டாம் நிலைப் போட்டியில் சாம் குரோத்தின் சர்வீஸ் மணிக்கு 263 கிலோமீட்டர் என்று பதிவானது. ஆனால் ஆண்கள் தொழில்முறை டென்னிஸை நடத்தும் அமைப்பான ஏடிபி சாதனையாக ஏற்றிருப்பது நாடுகளுக்கு இடையிலான டேவிஸ் கோப்பையில் 2016இல் இஸ்னர் போட்ட 253 கிலோமீட்டர் சர்வீஸை.

எப்போதிலிருந்து எண்ணுகிறார்கள்

"ஓபன் யுகத்தில்" என்ற சொல் டென்னிஸ் செய்திகளில் அடிக்கடி வரும். 1968 ஏப்ரலுக்கு முன் விம்பிள்டன் போன்ற பெரிய போட்டிகளில் அமெச்சூர் வீரர்கள் மட்டுமே ஆட முடியும். காசுக்கு ஆடினால் வெளியேற்றம். 1968 ஏப்ரல் 22 அன்று இங்கிலாந்தின் போர்ன்மவுத்தில் இருதரப்பும் சேர்ந்து ஆடிய முதல் போட்டி தொடங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை உள்ள காலம்தான் ஓபன் யுகம்.

இந்தக் கோடு பலருடைய கணக்கைக் குலைத்திருக்கிறது. ராட் லேவர் 1962இல் நான்கு கிராண்ட் ஸ்லாம்களையும் ஒரே ஆண்டில் வென்றார். உடனே தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார். 1963 முதல் 1967 வரை ஒரு கிராண்ட் ஸ்லாமிலும் அவர் ஆடவில்லை. கதவு திறந்ததும் திரும்பி வந்து 1969இல் மறுபடி நான்கையும் வென்றார். அவருடைய மொத்தம் 11. கென் ரோஸ்வால் 1957 முதல் பதினோரு ஆண்டுகள் வெளியே இருந்தார். இருந்தும் 1953இல் தொடங்கி 1972 வரை 8 பட்டம், கடைசியாக வென்றபோது வயது 37. இவர்கள் வெளியே இருந்த ஆண்டுகளில் உள்ளே ஆடிய ராய் எமர்சன் 12 பட்டம் எடுத்தார். எமர்சன் பெரிய வீரர்தான். ஆனால் 12 என்பது 11ஐவிடப் பெரியது, ஆகவே எமர்சன் லேவரைவிட மேல் என்று எழுதுபவர்கள் இந்தப் பூட்டிய கதவை மறந்துவிடுகிறார்கள்.

நம் ராமநாதன் கிருஷ்ணன் 1960லும் 1961லும் விம்பிள்டன் அரையிறுதிவரை போனார். முதல் ஆண்டு நீல் ஃபிரேசரிடமும் அடுத்த ஆண்டு லேவரிடமும் தோற்றார். இருவரும் அந்தந்த ஆண்டு பட்டம் வென்றவர்கள். ஓபன் யுகப் பட்டியலை மட்டும் புரட்டினால் இந்தச் செய்தியே கண்ணில் படாது.

1968 ஒரு கோடு என்றால் 1973 ஆகஸ்ட் 23 இன்னொன்று. அன்றுதான் கணினித் தரவரிசை முதன்முதலாக வெளியானது, முதல் எண் 1 இலி நாஸ்டாஸே. அதற்கு முன் லேவர் எத்தனை வாரம் முதலிடத்தில் இருந்தார் என்ற கேள்விக்கு ஏடிபி கணக்கில் பதிலே கிடையாது. 1990இல் இன்றைய ஏடிபி டூர் தொடங்கியது. ஏஸ், முதல் சர்வீஸ் சதவீதம் போன்ற ஆட்ட விவரங்களை ஏடிபி முறையாகத் திரட்டுவது 1991 முதல்தான். ஆகவே ஏஸ் பட்டியலில் இஸ்னர் 14,470 என்று முதலிடத்திலும் இவோ கார்லோவிச் 13,728 என்று அடுத்தும் இருப்பதை 1991க்குப் பிந்தைய சாதனை என்றுதான் வாசிக்க வேண்டும்.

தரவரிசையும் 52 வாரக் கணக்கும்

தரவரிசை என்பது கடந்த 52 வாரத்தில் சேர்த்த புள்ளிகளின் கணக்கு. கிராண்ட் ஸ்லாம் வென்றால் 2000, மாஸ்டர்ஸ் வென்றால் 1000, அதற்குக் கீழே 500, 250 என்று அடுக்கு. போட்டியின் பெயரோடு வரும் எண்ணே வெற்றியாளருக்குக் கிடைக்கும் புள்ளி. நுங்கம்பாக்கத்தில் 2017 வரை நடந்த சென்னை ஓபன் 250 வகை. 2014 ஜனவரியில் ஸ்டான் வாவ்ரிங்கா சென்னையில் வென்று 250 எடுத்தார், அதே மாதம் மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓபனையும் வென்று 2000 எடுத்தார். ஒரு மெல்போர்னுக்கு எட்டு சென்னை.

ஒரு போட்டியில் எடுத்த புள்ளி அடுத்த ஆண்டு அதே போட்டி வரும்போது உதிர்ந்துவிடும். பட்டம் வென்றவர் மறுஆண்டு திரும்ப வென்றாலும் மொத்தம் ஏறாது, 2000 போய் 2000 வரும். முதல் சுற்றில் தோற்றால் 2000 போய் 10 வரும், ஒரே வாரத்தில் 1,990 இழப்பு. "இவருக்குப் பாதுகாக்க வேண்டிய புள்ளி நிறைய இருக்கிறது" என்று வர்ணனையாளர்கள் சொல்வது இதைத்தான். வென்றும் தரவரிசையில் இறங்குவதும், ஆடாமலேயே ஏறுவதும் இதனால்தான்.

விதி மாறினால் எண்ணும் மாறும். 2008 வரை கிராண்ட் ஸ்லாம் வென்றால் 1000 புள்ளி. 2009இல் அது 2000 ஆனது. ஜோகோவிச் 2016 ஜூனில் தொட்ட 16,950ஐ 2006 காலத்து ஃபெடரரின் புள்ளியோடு அப்படியே ஒப்பிட்டால் பழைய படி அளவையும் புதிய லிட்டர் அளவையும் கலந்த கதையாகிவிடும். 2022 விம்பிள்டனில் ரஷ்ய, பெலாரஸ் வீரர்களைச் சேர்க்க மறுத்ததால் ஏடிபி அந்தப் போட்டிக்குப் புள்ளியே வழங்கவில்லை. பட்டம் வென்ற ஜோகோவிச்சுக்குக் கிடைத்தது பூஜ்யம். 2024 பாரிஸ் ஒலிம்பிக் தங்கத்துக்கும் புள்ளி இல்லை. ஆனால் பட்ட எண்ணிக்கையில் அது அவருடைய 99ஆவதாகச் சேர்ந்தது. ஒரே வெற்றி ஒரு பேரேட்டில் உண்டு, இன்னொரு பேரேட்டில் இல்லை.

இந்தத் தரவரிசையிலிருந்து பிறப்பதுதான் முதலிட வாரங்கள் என்ற சாதனை. ஜோகோவிச் 428, ஃபெடரர் 310, பீட் சாம்ப்ராஸ் 286, இவான் லெண்டில் 270, ஜிம்மி கானர்ஸ் 268, ரஃபேல் நடால் 209. தொடர்ச்சியாக என்று கேட்டால் பெயர் மாறும்: 2004 பிப்ரவரி முதல் 2008 ஆகஸ்ட் வரை விடாமல் 237 வாரம் ஃபெடரர். ஆண்டு முடிவில் என்று கேட்டால் ஜோகோவிச் 8 முறை. தொடர்ந்து என்றால் 1993 முதல் 1998 வரை 6 முறை சாம்ப்ராஸ். 2020இல் கொரோனாவுக்காகத் தரவரிசையை நிறுத்தி வைத்த 22 வாரங்களை ஏடிபி யார் கணக்கிலும் சேர்க்கவில்லை. நாள்காட்டியைப் பார்த்து நாமே வாரங்களை எண்ணினால் கூட்டல் இடிப்பது இதனால்தான்.

எண் 1 ஆகாமல் போன ஒருவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அர்ஜென்டினாவின் கியெர்மோ வீலாஸ் 1977இல் 16 பட்டம் வென்றார், அதில் பிரெஞ்சு ஓபனும் அமெரிக்க ஓபனும் அடக்கம்.  ஆனால் ஆண்டு முடிவில் முதலிடம் கானர்ஸுக்கு. காரணம், 1990க்கு முன் மொத்தப் புள்ளியை எடுக்காமல், ஆடிய போட்டிகளால் வகுத்துச் சராசரி எடுத்தார்கள். வாராவாரம் ஊர் ஊராகப் போய் ஆடிய வீலாஸுக்கு வகுக்கும் எண் பெரிதாக இருந்தது. அப்போது தரவரிசை வாரந்தோறும் வெளியாகவும் இல்லை. வெளியாகாத வாரங்களையும் பழைய முடிவுகளை வைத்துக் கணக்கிட்டால் 1975–76இல் சில வாரங்கள் வீலாஸ்தான் முதலிடத்தில் இருந்திருக்க வேண்டும் என்று அர்ஜென்டினப் பத்திரிகையாளர் எட்வார்டோ பூப்போவும் ருமேனியக் கணிதவியலாளர் மரியன் சுல்பானும் ஆண்டுக்கணக்கில் தேடி நிறுவினார்கள். பழைய தரவரிசையைத் திருத்துவதில்லை என்று ஏடிபி மறுத்துவிட்டது. அந்தக் காலத்து விதி அந்தக் காலத்துக்கு என்பது ஏடிபியின் வாதம். வெளியிடாத வாரத்துக்கு வீரர் எப்படிப் பொறுப்பாவார் என்பதற்கு அதில் பதில் இல்லை.

மொத்தம், சதவீதம், நேருக்கு நேர்

மொத்தமாகக் குவிந்த எண்கள் நீண்ட காலம் ஆடியவர்களுக்குச் சாதகம். ஒற்றையர் பட்டங்களில் கானர்ஸ் 109, ஃபெடரர் 103, 2025 முடிவில் ஜோகோவிச் 101. வென்ற ஆட்டங்களிலும் கானர்ஸ்தான் முதலிடம், 1,274. கானர்ஸ் காலத்தில் சிறிய போட்டிகள் நிறைய இருந்தன, அவற்றையும் அவர் விடாமல் ஆடினார். ஃபெடரர், ஜோகோவிச் காலத்தில் பெரிய வீரர்கள் கிராண்ட் ஸ்லாம், மாஸ்டர்ஸ் என்று குறிவைத்து ஆடினார்கள். மாஸ்டர்ஸ் 1000 பட்டங்களில் ஜோகோவிச் 40, நடால் 36, ஃபெடரர் 28.

கிராண்ட் ஸ்லாம் எண்ணிக்கையில் இன்று எல்லோருக்கும் மனப்பாடமான வரிசை 24, 22, 20: ஜோகோவிச், நடால், ஃபெடரர். பியான் போர்க்கின் 11ஐ இதன் அருகே வைக்கும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். 1970களில் ஆஸ்திரேலிய ஓபனுக்குப் பல முன்னணி வீரர்கள் போகவே இல்லை; பயணம் தூரம், பரிசும் பெரிதில்லை. போர்க் வாழ்நாளில் ஒரே முறை, 1974இல், அங்கே ஆடினார். கானர்ஸ் இரண்டு முறை. ஆண்ட்ரே அகாஸிகூட 1995இல்தான் முதன்முதலாகப் போனார், போன முதல் தடவையே வென்றார். ஆக அவர்கள் ஆடியது ஆண்டுக்கு மூன்று கிராண்ட் ஸ்லாம், இன்றைய வீரர்கள் ஆடுவது நான்கு. எத்தனை வென்றார் என்பதோடு எத்தனையில் ஆடினார் என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொண்டால்தான் ஒப்பீடு நியாயமாகும்.

வெற்றி–தோல்விக் கணக்கில் புதியவர்கள் அடிக்கடி இடறும் இடம் வாக்ஓவர். ஆட்டம் தொடங்கும் முன்பே எதிராளி விலகினால் அது வாக்ஓவர்: அடுத்த சுற்றுக்குப் போகலாம், வெற்றி எண்ணிக்கை ஏறாது. ஒரு புள்ளியாவது ஆடியபின் காயத்தால் விலகினால் அது முழு வெற்றி, முழுத் தோல்வி. நடுவர் தகுதிநீக்கம் செய்தாலும் தோல்விதான். 2020 அமெரிக்க ஓபனில் ஜோகோவிச் அடித்த பந்து கோட்டு நடுவர் மேல் பட்டு அவர் வெளியேற்றப்பட்டது அவர் கணக்கில் ஒரு தோல்வி. தகுதிச் சுற்று ஆட்டங்களும் சேலஞ்சர் ஆட்டங்களும் இந்த மொத்தத்தில் வராது, டேவிஸ் கோப்பை வரும். இந்தப் பின்னணியில் ஃபெடரரின் ஒரு சாதனை தனியாக நிற்கிறது: 1,526 ஆட்டங்களில் ஒன்றில்கூட அவர் பாதியில் விலகவில்லை.

ஆண்டுச் சதவீதத்தில் ஓபன் யுகத்தின் உச்சம் ஜான் மெக்கன்ரோவின் 1984: 82 வெற்றி, 3 தோல்வி, 96.5 சதவீதம். அந்த மூன்று தோல்வியையும் விரித்தால் ஒன்று பிரெஞ்சு ஓபன் இறுதியில் லெண்டிலிடம், ஒன்று டேவிஸ் கோப்பை இறுதியில் ஹென்ரிக் சண்ட்ஸ்ட்ரோமிடம், இன்னொன்று சின்சினாட்டி முதல் சுற்றில் சென்னையின் விஜய் அமிர்தராஜிடம். சதவீதம் என்ற ஒற்றை எண்ணுக்குள் இப்படி ஆட்கள் ஒளிந்திருக்கிறார்கள், தேடினால் கிடைப்பார்கள்.

நேருக்கு நேர்க் கணக்கைத் தரை வாரியாகப் பிரிக்காமல் பேசவே கூடாது. நடால்–ஃபெடரர் 24–16. நடால் கையோங்கியவர் என்று தெரிகிறது, பொய்யில்லை. ஆனால் களிமண் தரையில் 14–2, கடினத் தரையில் ஃபெடரர் 11–9, புல்தரையில் ஃபெடரர் 3–1. களிமண்ணில் ஃபெடரர் இறுதிவரை வந்து வந்து நடாலைச் சந்தித்தார். நடால் தொடக்க ஆண்டுகளில் மற்ற தரைகளில் முன்பே வெளியேறியதால் அங்கே சந்திப்பு குறைந்தது. நன்றாக ஆடியதே ஃபெடரரின் கணக்கைக் கெடுத்தது என்றால் மிகையில்லை. நிக்கோலாய் டேவிடென்கோ நடாலோடு 6–5 என்று முன்னிலையில் ஓய்வு பெற்றார், அதை வைத்து யாரும் அவரை நடாலுக்கு மேலே வைப்பதில்லை.

எப்படிப் பிரித்துப் பார்த்தாலும் அசையாத எண்களும் உண்டு. பிரெஞ்சு ஓபனில் நடால் ஆடிய 116 ஆட்டங்களில் 112 வெற்றி, 4 தோல்வி. இறுதிப் போட்டிக்கு 14 முறை வந்தார், 14 முறையும் வென்றார். தோற்கடித்தவர்கள் மூன்றே பேர்: 2009இல் ராபின் சோடர்லிங், 2015லும் 2021லும் ஜோகோவிச், 2024இல் அலெக்சாண்டர் ஸ்வெரெவ். களிமண் தரையில் 2005 ஏப்ரல் முதல் 2007 மே வரை தொடர்ந்து 81 ஆட்டம் தோற்கவில்லை. முன்பு இருந்தது வீலாஸின் 53. தொடர் சாதனைகளில் ஃபெடரரின் 23ஐயும் இதன் பக்கத்தில் வைக்கலாம், 2004 விம்பிள்டனிலிருந்து 2010 ஆஸ்திரேலிய ஓபன் வரை ஒரு கிராண்ட் ஸ்லாம் விடாமல் அரையிறுதி. காயம், காய்ச்சல், மோசமான ஒரு நாள், எதுவும் ஐந்தரை ஆண்டு குறுக்கே வரக் கூடாது. இதை முறியடிப்பதைவிட ஒரு கிராண்ட் ஸ்லாம் வெல்வது எளிது.

விதியே பூட்டிவிட்ட சாதனைகளும் இருக்கின்றன. 2019இல் விம்பிள்டன் முதன்முறையாகக் கடைசி செட்டில் 12–12 ஆனால் டை-பிரேக் என்று மாற்றியது. ஜோகோவிச்–ஃபெடரர் ஸ்கோரில் 13–12 வந்தது அதனால்தான். 2022 முதல் நான்கு கிராண்ட் ஸ்லாம்களிலும் கடைசி செட் 6–6 ஆனதும் 10 புள்ளி டை-பிரேக். இஸ்னரும் மாஹுவும் இன்று அதே மாதிரி ஆடினால் ஐந்தாம் செட் 7–6இல் முடிந்திருக்கும், ஸ்கோர் பலகைக்கும் வேலை மிச்சமாகியிருக்கும்.